நிழலைக் காப்பவர்

நம் இல்லங்கள் பலவற்றின் சுவரில் பழைய குடும்பப் படம் ஒன்று தொங்குகின்றது. நாற்காலியில் தந்தை அமர்ந்திருப்பார். அருகே தாய் நின்றிருப்பார். முன்னால் எண்ணெய் தடவி வாரிய தலையுடன் பிள்ளைகள் விறைத்து நிற்பர். படத்தில் உள்ளோர் அனைவரையும் நாம் அறிவோம். அதை எடுத்தவர் யார் என்று கேட்டால் மட்டும் விழிக்கின்றோம். அந்த மனிதரைப் பற்றி இத்திங்கள் சிறிது எண்ணிப் பார்ப்போமா?

லின்னேயஸ் டிரைப் என்னும் ஆங்கிலேயப் படை அதிகாரி 1858ஆம் ஆண்டில் மதுரையையும் தஞ்சையையும் படமெடுத்து வெளியிட்டார். அவற்றில் நாம் காண்பவை பெரும்பாலும் கோபுரங்களும் மண்டபங்களும் அரண்மனைகளுமே. எளிய மனிதனையும் நாற்காலியில் அமர்த்தி, அவன் முகத்தை அவன் வீட்டுச் சுவரிலேயே ஏற்றி வைத்த பெருமை கடைவீதி ஸ்டூடியோக்காரருக்கே உரியது.

நாம் பணியாற்றும் சிற்றூரில் அத்தகைய நண்பர் ஒருவர் இருக்கின்றார். அறுபதைக் கடந்தவர். பதினாறாம் வயதில் ஒரு ஸ்டூடியோவில் எடுபிடியாகச் சேர்ந்து, தொழில் கற்றுச் சொந்தமாகக் கடை வைத்தவர். முன்னறையில் முகம் பார்க்கும் கண்ணாடி, சீப்பு, பவுடர் டப்பா, ஆணியில் மாட்டிய கறுப்புக் கோட்டு ஒன்று. ஊரார் பலருடைய விண்ணப்பங்களில் ஒட்டியிருக்கும் படங்களில் காணப்படுவது அந்த ஒரே கோட்டுதான்! உள்ளறையில் நீலத் திரை, மர முக்காலி, குடை பொருத்திய விளக்குகள். அதன் மூலையில், முன்பு இருட்டறையாக இருந்த சிறு தடுப்பு.

அந்நாளைய வேலையை அவர் விவரிக்கக் கேட்பது இனிமை. அன்று அவர் கையாண்ட பிலிம் சுருளில் 12 படங்கள். ஒன்று வீணானாலும் காசு வீண். ஆகவே குழந்தை கண்ணிமைக்காத நொடிக்காக மூச்சை அடக்கிக் காத்திருக்க வேண்டும். பிறகு முழு இருளில் பிலிமைக் கழுவ வேண்டும். ஒளிபட்ட வெள்ளி உப்பு மருந்தில் கறுத்து உருவமாகும். ஒளிபடாததை ஹைப்போ கரைத்து நீக்கும். உதகையில் 1960ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட அரசு நிறுவனமாகிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 'இந்து' என்ற பெயரில் பிலிமும் தாளும் தயாரித்து வந்தது. அத்தொழிற்சாலை இன்று இயங்கவில்லை.

காய்ந்த நெகட்டிவின்மேல் கூரிய பென்சிலால் மெல்லத் தொட்டுத் திருத்தும் 'டச்சிங்' ஒரு தனிக் கலை. "பருவை மறைக்கலாம், தூசியை மறைக்கலாம், மச்சத்தைத் தொடலாகாது, மச்சம் போனால் ஆளே போனார்" என்பது அவருடைய ஆசான் கற்பித்த பாடம்.

வருவாயோ நிலையற்றது. ஆடியிலும் மார்கழியிலும் இந்து சகோதரர்களின் திருமணங்கள் இல்லை. தவக்காலத்தில் நம்மவர் திருமணங்கள் இல்லை. "ஆனால் சாமி, கடை வாடகைக்கு ஆடியும் கிடையாது, தவக்காலமும் கிடையாது" என்று சிரிப்பார். கைக்குக் கை கைப்பேசி வந்தபின் குடும்பமாகப் படம் எடுக்க வருவோர் குறைந்துவிட்டனர். ஆதாருக்கும் பாஸ்போர்ட்டுக்கும் அந்தந்த மையத்திலேயே முகத்தைப் பதிவு செய்துகொள்கின்றனர். புதுநன்மை, திருமணம், அடக்கச் சடங்கு ஆகியவற்றால்தான் அடுப்பு எரிகின்றது.

இங்கே நம் சொந்தக் குறை ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். 1998ஆம் ஆண்டு நமக்குக் குருப்பட்டம் கிடைத்த நாளில் ஆயரோடும், உடன்குருக்களோடும், பங்கு மக்களோடும் எத்தனையோ படங்கள் எடுத்துக்கொண்டோம். தந்தையார் பந்தலின் ஓரத்தில் விருந்தினரைக் கவனித்தவண்ணம் இருந்தார். அவரோடு தனியாக ஒரு படம் எடுக்கலாமே என்று இருமுறை எண்ணினோம். பிறகு ஆகட்டும் என்று விட்டுவிட்டோம். மறு ஆண்டே அவர் இறைவனடி சேர்ந்தார். தேடியபோது கிடைத்தது ஒரே ஒரு கூட்டுப்படம். அதிலும் அவருடைய முகத்தின் ஓரம், சித்தப்பாவின் தோளுக்குப் பின்னால் மறைந்திருந்தது.

இவ்வூருக்கு மாற்றலாகி வந்தபின் அப்படத்தை நண்பரிடம் ஒப்படைத்தோம். பத்து நாள் கழித்துப் பெரிதாக்கித் தந்தார். மங்கல் நீங்கிக் கண்கள் தெளிந்திருந்தன. ஆனால் மறைந்த காது மறைந்தபடியே இருந்தது. "கணினியில் அதையும் சேர்த்து வரைந்துவிடலாமே?" என்றோம்.

"வரையலாம் சாமி, நொடியில் ஆகிவிடும். ஆனால் அது யாருடைய காதோ! நாளைக்கு உங்கள் அண்ணன் பேரப்பிள்ளைகள் அதைத்தான் உண்மை என்று நம்புவார்கள். இருப்பதைத் துலக்குவதுதான் என் வேலை" என்றார்.

நமக்கு மறுமொழி வரவில்லை. அப்படம் அறைச் சுவரில் இன்றும் அவ்வாறே இருக்கின்றது. காணும்போதெல்லாம், தந்தையின் நினைவோடு நம் அசட்டையும் நினைவுக்கு வருகின்றது.

"இப்போதெல்லாம் படம் எடுக்க வருபவர்களைவிட, படம் தேடி வருபவர்களே அதிகம்" என்கின்றார் அவர். தாய் இறந்த மறுநாள் மகன் வருகின்றான்: "எங்கள் அக்காள் கலியாணத்தில் அம்மாவை எடுத்தீர்களே, இருக்கின்றதா?" எண்ணும் பெயரும் தேதியும் எழுதிய நோட்டைப் புரட்டி, பரணிலுள்ள பெட்டிகளில் தேடி எடுத்துத் தருகின்றார். பழைய பிலிமிலிருந்து வெள்ளி பிரிப்போர் கிலோக்கணக்கில் விலைபேசி வந்ததுண்டு. பணமுடை இருந்தும் அவர் கொடுக்கவில்லை. "ஊரையே எடைக்குப் போடுவதா?" என்றாராம். அவருடைய மகன் வேறு தொழிலுக்குச் சென்றுவிட்டான். இவருக்குப் பின் அப்பெட்டிகளுக்குக் காவல் யார்?

புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு தமிழகத்தின் பழைய ஸ்டூடியோப் படங்களைத் தேடிக் கணினிப் படிகளாக்கியுள்ளது. அயலார் அறிந்த அருமையை உரியவர்களாகிய நாம் அறிய வேண்டாமா?

ஆகவே குடும்பத்தார்க்கு நாம் கூறுவது இது. உங்கள் ஊரிலும் இத்தகைய ஒருவர் இருப்பார். பழைய நெகட்டிவ்கள் அவரிடம் உண்டா என்று விசாரியுங்கள். இருந்தால் உரிய விலை கொடுத்துப் படி எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டிலுள்ள படங்களின் பின்புறம், மென்மையான பென்சிலால் பெயரையும் ஆண்டையும் எழுதி வையுங்கள். எழுதாவிடில் மூன்றாம் தலைமுறைக்கு அவர்கள் அந்நியரே. வெயில் படும் சுவரிலும் ஈரச் சுவரிலும் மாட்டாதீர்கள். கைப்பேசியில் ஆயிரம் படம் இருப்பினும், ஆண்டுக்கு ஒன்றையேனும் தாளில் அச்சிட்டு வையுங்கள்.

விடுமுறைக்குப் பிள்ளைகள் வந்து அனைவரும் கூடியிருக்கும் நாளில், முதியோரை நடுவில் அமர்த்தி ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். 'பிறகு ஆகட்டும்' என்று மட்டும் சொல்லாதீர்கள். நாம் சொன்னோம்.