வேட்கை ஏன் அடங்குவதில்லை?

இணையத்துக் காமக் காட்சிகளை நள்ளிரவு கடந்தும் விடாது பார்ப்பவன், அவற்றில் பேரின்பம் காண்பதனால்தான் பார்க்கிறான் என்று எண்ணுவது இயல்பு. ஆனால் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் வலேரி வூன் என்ற மனநோய் மருத்துவரும் அவருடைய சகாக்களும், இவ்வேட்கைக்கு ஆட்பட்ட 19 ஆடவரையும் ஆட்படாத 19 ஆடவரையும் மூளையைப் படம்பிடிக்கும் யந்திரத்தில் கிடத்தி ஆராய்ந்து, 2014இல் வெளியிட்ட முடிவோ வேறு. அத்தகைய காட்சிகளைக் கண்ட மாத்திரத்தில், போதைப்பொருளுக்கு அடிமையானோரிடம் கிளர்வுறும் அதே மூளைப் பகுதிகள் முன்னவரிடம் மிகுதியாகக் கிளர்ந்தன. ஆசை பெருகிற்று, சுவை பெருகவில்லை.

எனினும், இதைப் போதை என்றே முத்திரையிட உலக சுகாதார ஸ்தாபனம் துணியவில்லை. தன் நோய் வகைப்பாட்டின் 11ஆம் பதிப்பில், உந்துதலை அடக்கவொண்ணாக் கோளாறுகளோடு சேர்த்தது. 'இது பாவம்' என்ற ஒழுக்க எண்ணத்தால் மட்டுமே விளையும் மனவேதனை நோயாகாது என்றும் அது வரையறுத்திருப்பது என் அபிப்பிராயத்தில் மிக விவேகமானது. ஏனெனில், எப்போதோ பார்ப்பவர்களிற் சிலர்கூட, அவ்வெண்ணம் உறுத்துவதனாலேயே தம்மை அடிமைகளென்று நம்பி வருந்துகிறார்கள்.