நெல் வேரில் விழும் முடிச்சு

வயலில் அங்கங்கே திட்டுத்திட்டாகப் பயிர் வெளிறி, குட்டையாக நின்றால் சத்துக் குறைவு என்று யூரியாவை வீசுவது வழக்கம். அதில் ஒரு தூரை மெல்லப் பெயர்த்துத் தண்ணீரில் அலசிப் பார்க்க வேண்டும். வேர்நுனிகள் கொக்கிபோல் வளைந்து புடைத்திருந்தால், அது வேர்முடிச்சு நூற்புழுவின் வேலை. உளுந்து வேரின் முடிச்சில் தழைச்சத்தைச் சேர்த்துத் தரும் பாக்டீரியா குடியிருக்கும்; நெல் வேரின் முடிச்சில் இருப்பதோ பயிரின் உணவை உறிஞ்சும் புழு. பெண் புழு வேருக்குள்ளேயே முட்டையிடுவதால், பொரிந்த குஞ்சுகள் வெளியே வராமலே அதே வேரைத் தாக்குகின்றன. தோதான வெப்பத்தில் ஒரு தலைமுறைக்கு மூன்று, நான்கு வாரம் போதும். வேர் முடங்கிய பயிருக்கு எத்தனை மூட்டை உரமிட்டு என்ன பயன்?

இத்தனை காலமும் நெல்லைக் காத்ததில் தேங்கி நின்ற தண்ணீருக்குப் பெரும் பங்குண்டு. நீர் கட்டிய மண்ணில் குஞ்சுகள் சாவதில்லை. ஆனால் வேருக்குள் புக முடியாமல் கிடக்கும். நீர் வடிந்ததும் நுழைந்துவிடும். புழுதியில் நேரடி விதைப்பும் காய்ச்சலும் பாய்ச்சலுமான பாசனமும் இந்தக் காவலைத் தளர்த்துகின்றன. அப்படியானால் பழையபடி நீரைத் தேக்கலாமே என்று கேட்கலாம். காவிரிப் படுகையில் அதற்கு நீர் எங்கே? தேங்கிய வயல் மீத்தேனையும் வெளிவிடுகிறது. போதாததற்கு, 1902இலேயே ஜாவாவில் அடையாளம் காணப்பட்ட இன்னொரு நெல்வேர் நூற்புழு, நீர் நின்ற வயலில்தான் செழிக்கிறது. ஆகவே நீரைச் சேமிப்பது தவறல்ல. சேமிக்கச் சொல்லும்போது வேரைக் கவனிக்கவும் சேர்த்துச் சொல்லாததுதான் தவறு.

மருந்து இருக்கிறதே என்பாரும் உண்டு. வேருக்குள் பொதிந்த முட்டையை மருந்து எட்டுவது கடினம்; மண்ணில் இட்டதோ வாய்க்கால்வரை போகும். எதிர்ப்புத் திறன் ஆப்பிரிக்க நெல்லில் இருக்கிறது. அதை விளைச்சல் குறையாமல் நம் ரகங்களுக்குக் கொண்டுவருவது எளிதல்ல. கைக்கெட்டும் வழி நாற்றங்காலில் தொடங்குகிறது: கோடையில் ஈரமண்ணை ஒளிபுகும் பாலித்தீன் விரிப்பால் மூடிச் சூடேற்றுவது, முடிச்சில்லாத நாற்றையே நடுவது, நெல்லுக்குப் பின் எள்ளோ கடுகோ போடுவது. களையெடுப்பும் இதில் சேர்த்தி. 1965இல் அமெரிக்காவின் லூசியானாவில் இந்தப் புழுவை முதன்முதலில் விவரித்தபோது, அது குடியிருந்தது குதிரைவாலி இனப் புல்லின் வேரில். வரப்போரம் விட்டுவைத்த அந்தப் புல், அடுத்த போகம்வரை புழுவுக்குச் சோறு போடும். 2016இல் இத்தாலியின் நெல் வயல்களில் இது தென்பட்ட பிறகு, அங்கே நெல்லையே பொறியாக விதைக்கும் முறையையும் கையாண்டார்கள். புழு வேருக்குள் புகுந்ததும், முட்டையிடும் முன் பயிரை அழித்துவிட வேண்டும். சில நாள் பிந்தினாலும் பொறி வயலே புழுப் பண்ணையாகிவிடும்.