வயலில் தொடங்கட்டும் பாடம்

பயன்பாட்டுப் புள்ளியியலில் முதுகலைப் படிப்பு வகுக்க வேண்டுமா? சித்தூரிலும் திருப்பதியிலும் பாடங்கள் கொட்டிக் கிடக்கின்றன.

சித்தூர் மாவட்டத்தில் குப்பத்தை அடுத்திருக்கிறது சாந்திபுரம். தெலுங்குடன் தமிழும் கன்னடமும் காதில் விழும் எல்லைப் பகுதி. இங்கிருந்து ஒருவர் புள்ளியியலில் முதுகலை படிக்கத் திருப்பதிக்கோ சென்னைக்கோ பஸ் ஏறுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஆண்டு கழித்து எதைச் செய்யத் தெரிந்தவராக அவர் திரும்புவார்? பாடத்திட்டக் குழுக்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது. வழக்கமாகக் கேட்கப்படுவதோ, எத்தனை தாள், எந்தத் தாள் யாருக்கு என்பதுதான். பட்டத்தின் பெயரில் 'பயன்பாட்டு' என்ற சொல்லைச் சேர்த்து, கம்ப்யூட்டர் தாள் ஒன்றைச் செருகிவிட்டால் வேலை முடிந்தது.

இந்தியாவின் முதல் புள்ளியியல் முதுகலைப் படிப்பு இப்படிப் பிறக்கவில்லை. 1941-ல் கல்கத்தா பல்கலைக்கழகம் அதைத் தொடங்கியபோது துறைக்குத் தலைமை ஏற்றவர் இயற்பியல் பேராசிரியரான பி.சி. மகலனோபிஸ். 1931-ல் அவர் தோற்றுவித்த இந்தியப் புள்ளியியல் நிறுவனம், வங்காளத்தின் சணல் விளைச்சலை மாதிரிக் கணக்கெடுப்பால் மதிப்பிடும் வேலையில் அப்போது மூழ்கியிருந்தது. பாடம் நடத்திய ஆர்.சி. போஸும் எஸ்.என். ராயும் அந்த நிறுவனத்தின் ஆட்களே. முதல் அணி மாணவர்களில் ஒருவர் சி.ஆர். ராவ். வால்டேரில் கணிதம் படித்தவர். ராணுவத்தில் கணித வேலை ஒன்றுக்கான நேர்முகத் தேர்வுக்காகக் கல்கத்தா போய், வேலை கிடைக்காமல் புள்ளியியலுக்கு வந்துசேர்ந்தவர். 1943-ல் தங்கப் பதக்கத்துடன் தேறினார். 2023-ல் சர்வதேசப் புள்ளியியல் பரிசு பெற்று, அதே ஆண்டு 102 வயதில் மறைந்தார்.

வயல் என்ன கற்றுத்தரும்? ஓர் உதாரணம்: ஒரு வட்டாரத்தின் விளைச்சலை அறிய, சில வயல்களில் சிறு துண்டை மட்டும் அளந்து அறுத்து எடை போடுவார்கள். மகலனோபிஸ் சிறு வட்டங்களை விரும்பினார். செலவு குறைவு, நிறைய இடங்களில் அறுக்கலாம். பி.வி. சுகாத்மே 1940-களில் மறுத்தார். துண்டு சிறியதானால் விளைச்சல் கூடுதலாகத் தெரிகிறது என்று காட்டினார். காரணம் எளிது. எல்லைக் கோட்டின் மேல் நிற்கும் செடியை உள்ளே சேர்த்துக்கொள்ளும் கை. 2 அடி ஆரமுள்ள வட்டத்தில், பரப்புக்கு ஒப்பிட்டால் எல்லையின் நீளம் 5 மீட்டர் சதுரத்தில் உள்ளதைப் போல நான்கு மடங்கு. எந்தச் சமன்பாடும் இதை முன்கூட்டிச் சொல்லவில்லை. பரப்பு அடிப்படையிலான பயிர்க் காப்பீட்டில் இழப்பீட்டைத் தீர்மானிப்பதும் இத்தகைய அறுவடைச் சோதனைதான். அளவு கூடிப்போனால் விவசாயியின் பணம் குறைந்துபோகும்.

இன்னொரு பாடம் மலைமேல் இருக்கிறது. திருமலைக்கு நாளொன்றுக்குச் சராசரியாக அறுபதாயிரத்துக்கும் அதிகமான பக்தர்கள் வருகிறார்கள். இலவச தரிசனத்துக்கு 15 மணி நேரம், கட்டண தரிசனத்துக்கு 3 மணி நேரம் ஆகிறது என்றும், இரண்டிலும் மணிக்கு மணி சம எண்ணிக்கையில் ஆட்கள் வந்து சேர்கிறார்கள் என்றும் கொள்வோம். சராசரி காத்திருப்பு 9 மணி நேரம். ஆனால் ஒரு மாணவர் ஏதோ ஒரு நேரத்தில் போய், வரிசையில் நிற்பவர்களிடமிருந்து மாதிரி எடுத்தால்? இலவச வரிசையில் ஐந்து பேர் நிற்கும்போது கட்டண வரிசையில் ஒருவர்தான் நிற்பார். கணக்கு 13 மணி நேரம் என்று காட்டும். யாரும் பொய் சொல்லவில்லை. அதிக நேரம் நிற்பவர் மாதிரியில் அதிகமாக அகப்படுகிறார், அவ்வளவுதான். தரவு கிடைத்த விதமே தரவைத் திரிப்பதைப் பற்றி 1965-ல் பொதுவான கோட்பாடு வகுத்தவர் அதே ராவ். கரும்பலகையில் ஒரு மாதம் எழுதினாலும் புரியாதது வைகுண்டம் க்யூ காம்ப்ளெக்ஸில் ஒரு மணி நேரத்தில் புரிந்துவிடும்.

இதனால் கணிதத்தைக் குறைக்கச் சொல்வதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நிகழ்தகவும் நேரியல் இயற்கணிதமும் இல்லாதவர் மென்பொருளின் பொத்தானை அமுக்கத்தான் லாயக்கு. மாற வேண்டியது வரிசைமுறை. களப்பணியைக் கடைசி செமஸ்டரின் ஆய்வறிக்கைக்கு ஒதுக்கிவைக்காமல் முதல் செமஸ்டரிலேயே தொடங்கலாம். 1954-ல் தொடங்கிய வேங்கடேஸ்வரா பல்கலைக்கழகம் திருப்பதியிலேயே இருக்கிறது. 1997-ல் அமைந்த திராவிடப் பல்கலைக்கழகம் சாந்திபுரத்துக்குப் பக்கத்தில். மாம்பழக்கூழ் ஆலைகள் சித்தூரைச் சுற்றி. தேர்வும் மாற வேண்டும்: பிழைகள் மலிந்த உண்மைத் தரவைக் கையில் கொடுத்து, இரண்டு நாள் அவகாசத்தில், ஒரு தாசில்தாருக்குப் புரியும்படி இரண்டு பக்கம் எழுதச் சொல்லலாம்.

முதல் வாரப் பயிற்சி சாந்திபுரத்திலேயே தயாராக இருக்கிறது. "நிலம் எவ்வளவு?" என்று கேட்டால் "இருபது" என்பார் விவசாயி. சென்ட் கணக்கில் அது ஏக்கரில் ஐந்தில் ஒரு பங்கு. எல்லை தாண்டிக் கர்நாடகத்தில் புழங்கும் குண்டா கணக்கில் அரை ஏக்கர்.