உங்கள் கம்ப்யூட்டரில் ஒரு லடாக் பயணம்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய நண்பர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: “பாட்டு கேட்கிறோம், படம் பார்க்கிறோம், மெயில் அனுப்புகிறோம். இதை வைத்து வேறு என்னதான் செய்வது?” ஒரு விடுமுறைப் பயணத்தைத் திட்டமிட்டுப் பாருங்கள் என்பேன். டிக்கெட் எடுப்பதை மட்டும் சொல்லவில்லை. வரைபடம், உயர அளவு, எக்ஸெல் கணக்கு மூன்றையும் வைத்துக்கொண்டு முழுப் பயணத்தையும் வீட்டு மேஜையிலேயே ஒத்திகை பார்த்துவிடலாம். இதை நான் கற்றுக்கொண்டது லடாக்கில். அதுவும் ஒரு பெரிய தவறு செய்த பிறகு.

நான் செய்த தவறு

வேலைக்குச் சேர்ந்த புதிதில், 2019 ஜூலையில், கல்லூரி நண்பர்கள் நான்கு பேர் மணாலியிலிருந்து லே நகருக்கு வாடகைக் காரில் கிளம்பினோம். எக்ஸெல் ஷீட் தயாரித்தது நான்தான். கிலோமீட்டர், பெட்ரோல் செலவு, தலைக்கு எவ்வளவு என்று எல்லாம் அதில் இருந்தது. முதல் நாள் சுமார் 220 கி.மீ. ஓட்டி சார்ச்சுவில் கூடாரத்தில் தங்குவது, மறுநாள் லே போய்ச் சேருவது என்பது திட்டம். காகிதத்தில் அழகாகத்தான் இருந்தது.

மணாலி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,050 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சார்ச்சு சுமார் 4,290 மீட்டர். ஒரே பகலில் 2,200 மீட்டருக்கு மேல் ஏறியிருந்தோம். இரவு நண்பன் ஒருவனுக்குத் தலைவலி ஆரம்பித்தது, பிறகு வாந்தி. இரண்டு மணிக்கு உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கியது. “உடனே கீழே போய்விடலாம்” என்றேன். டிரைவர் தலையை ஆட்டினார். “கீழே போக வேண்டுமானால் முதலில் மேலே ஏற வேண்டும், தம்பி.”

அவர் சொன்னது உண்மை. சார்ச்சுவுக்கு ஒரு பக்கம் சுமார் 4,890 மீட்டர் உயரத்தில் பாராலாச்சா லா. மறுபக்கம் 5,000 மீட்டரைத் தாண்டும் லாச்சுங் லா. ‘லா’ என்றால் கணவாய். கூடார முகாமில் இருந்த ஆக்ஸிஜன் சிலிண்டரை வைத்து விடியும்வரை சமாளித்தோம். பிறகு பாராலாச்சாவை மீண்டும் கடந்து, சுமார் 3,080 மீட்டரில் உள்ள கீலாங் ஊருக்கு இறங்கினோம். இறங்க இறங்க அவனுக்கு மூச்சு சீரானது. பிழைத்துக்கொண்டான். லேயைப் பார்க்காமலே ஊர் திரும்பினோம்.

என் ஷீட்டில் கணக்குப் பிழை எதுவும் இல்லை. ஆனால் ‘தூங்கும் இடத்தின் உயரம்’ என்ற ஒரு காலம் அதில் இல்லை.

கூகுள் எர்த்தில் உயரம் பார்ப்பது எப்படி?

சாதாரண வரைபடம் தூரத்தையும் நேரத்தையும் சொல்லும். உயரத்தைப் பார்க்க ‘கூகுள் எர்த் ப்ரோ’ புரோகிராம் போதும். 2015 முதல் இது இலவசம். டவுன்லோடு செய்து இன்ஸ்டால் செய்துகொள்ளுங்கள். பிறகு செய்ய வேண்டியவை:

1. ‘டூல்ஸ்’ மெனுவில் ‘ஆப்ஷன்ஸ்’ தேர்ந்தெடுங்கள். ‘3டி வியூ’ பகுதியில் உயர அளவை மீட்டருக்கு மாற்றுங்கள். இடது பக்கம் கீழே ‘லேயர்ஸ்’ பட்டியலில் ‘டெர்ரெயின்’ டிக் ஆகியிருக்க வேண்டும்.

2. தேடும் கட்டத்தில் ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் டைப் செய்து என்டர் தட்டுங்கள். பூமிப் பந்து சுழன்று அந்த ஊரில் போய் நிற்கும். மவுஸை நகர்த்தினால், திரையின் அடியில் ‘எலிவ்’ என்ற எழுத்துக்கு அருகே அந்த இடத்தின் உயரம் தெரியும். பக்கத்தில் ‘ஐ ஆல்ட்’ என்று இன்னொரு எண் இருக்கும். அது நீங்கள் எவ்வளவு உயரத்திலிருந்து பார்க்கிறீர்கள் என்பது. புதியவர்கள் பலரும் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள்.

3. ‘ஆட்’ மெனுவில் ‘பாத்’ கிளிக் செய்யுங்கள். சிறிய விண்டோ ஒன்று திறக்கும். அதை மூடாமல் ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு, சாலையின் மேல் கிளிக் செய்துகொண்டே போங்கள். முடிந்ததும் ஒரு பெயர் கொடுத்து ஓகே அழுத்துங்கள்.

4. இடது பக்க ‘பிளேசஸ்’ பட்டியலில் அந்தப் பெயரை ரைட் கிளிக் செய்து ‘ஷோ எலிவேஷன் ப்ரொஃபைல்’ தேர்ந்தெடுங்கள். சாலையின் ஏற்ற இறக்கம் கோட்டுப் படமாக வந்துவிடும்.

இரண்டு எச்சரிக்கைகள். வளைவுகளில் நெருக்கமாகக் கிளிக் செய்யாவிட்டால் கோடு நேராக மலை மேல் ஏறிப் போகும். இல்லாத சிகரம் படத்தில் தெரியும். சுரங்கப்பாதையும் இப்படித்தான். 2020 அக்டோபரில் திறக்கப்பட்ட 9.02 கி.மீ. நீள அடல் சுரங்கம் சுமார் 3,100 மீட்டர் உயரத்தில் மலையைக் குடைந்து போகிறது. கூகுள் எர்த்தோ அதற்கு மேலே உள்ள மலையின் உயரத்தைக் காட்டும்.

மணாலி - லே சாலையின் படத்தை வரைந்து பாருங்கள். சார்ச்சு இரண்டு மேடுகளுக்கு நடுவே தொட்டி போலத் தெரியும். 2019இல் நான் இந்தப் படத்தைப் பார்த்திருந்தால் அங்கே முதல் இரவு தங்கத் திட்டம் போட்டிருக்க மாட்டேன்.

எக்ஸெல் ஷீட்டில் ஒரு புதிய காலம்

லே நகரம் சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்ஸிஜன், கடல் மட்டத்தில் கிடைப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். உடல் இதற்குப் பழகச் சில நாட்கள் ஆகும். மருத்துவர்கள் சொல்லும் பொது விதி இது: 3,000 மீட்டருக்கு மேல் போன பிறகு, தூங்கும் இடத்தின் உயரத்தை ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள். ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் ஒரு நாள் கூடுதலாகத் தங்குங்கள்.

இதை அப்படியே ஷீட்டில் கொண்டுவரலாம். A காலத்தில் நாள், B-யில் தங்கும் ஊர், C-யில் அதன் உயரம், D-யில் வழியில் வரும் மிக உயரமான இடம். E3 கட்டத்தில் =C3-C2 என்று டைப் செய்து கீழே இழுத்துவிடுங்கள். பிறகு E காலத்தைத் தேர்ந்தெடுத்து, ‘கண்டிஷனல் ஃபார்மேட்டிங்’ மூலம் 500-க்கு மேற்பட்ட எண்கள் சிவப்பாகும்படி செய்யுங்கள். எக்ஸெல் இல்லாதவர்கள் இலவசமான ‘லிப்ரே ஆபீஸ் கால்க்’ பயன்படுத்தலாம்.

2024 ஜூனில் அப்பா அம்மாவை அழைத்துப் போனபோது இரண்டு வழிகளையும் இப்படிப் போட்டுப் பார்த்தேன். மணாலி வழியில், ஜிஸ்பாவில் (சுமார் 3,200) தங்கினால்கூட அடுத்த இரவு சார்ச்சுவில் 1,090 என்று சிவப்பு வந்தது. ஸ்ரீநகர் வழியில் தங்கல்கள் இப்படி: ஸ்ரீநகர் 1,585, கார்கில் 2,676, லே 3,500. இங்கும் சிவப்பு உண்டு. ஆனால் முதல் ஏற்றம் 3,000 மீட்டருக்குக் கீழேயே முடிகிறது. கார்கிலிலிருந்து லேக்கு 824 மீட்டர். அதற்கு ஈடாக லேயில் இரண்டு முழு நாட்கள் ஓய்வு போட்டேன். வழியில் ஜோஜி லா 3,528, ஃபோட்டு லா 4,108 மீட்டர்தான். அவற்றைக் கடந்து இறங்கிவிடுகிறோம், அங்கே தூங்குவதில்லை.

லேக்குப் பிறகும் ஷீட் உதவியது. நூப்ரா பள்ளத்தாக்குக்குப் போக 5,359 மீட்டர் உயர கார்துங் லாவைத் தாண்ட வேண்டும். ஆனால் மணல்மேடுகள் உள்ள ஹுண்டர் ஊர் லேயைவிடத் தாழ்வு. தூங்க நல்ல இடம். பாங்காங் ஏரிக்கரையோ 4,200 மீட்டருக்கு மேல். அதனால் நூப்ராவில் ஓர் இரவு தங்கினோம். பாங்காங்கைக் கடைசியில் வைத்து, காலையில் போய் இரவு லேக்கே திரும்பினோம். அப்பாவுக்கு லேயில் முதல் நாள் லேசான தலைவலி. அத்தோடு சரி.

கிளம்பும் முன்

வெளிமாநில பிரீபெய்டு சிம் லடாக்கில் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு வேண்டும். அதிலும் பல இடங்களில் சிக்னல் இருக்காது. மொபைலில் கூகுள் மேப்ஸைத் திறந்து, உங்கள் படத்தைத் தொட்டு, ‘ஆஃப்லைன் மேப்ஸ்’ மூலம் அந்தப் பகுதியை வீட்டிலேயே இறக்கிக்கொள்ளுங்கள். எக்ஸெல் ஷீட்டை இரண்டு பிரின்ட் எடுத்து, ஒன்றை வீட்டில் கொடுங்கள். கணவாய்கள் பனிக்காலத்தில் மூடப்படும் என்பதால் சாலை நிலவரத்தைக் கிளம்புமுன் பாருங்கள்.

இதய நோய், ஆஸ்துமா உள்ளவர்கள் முதலில் டாக்டரைப் பார்க்க வேண்டும். தலைவலியோடு வாந்தி, ஓய்விலும் மூச்சுத் திணறல், நடை தள்ளாட்டம் தெரிந்தால் மேலே ஏறாதீர்கள், இறங்குங்கள். அப்படி இறங்க எந்த ஊர், எவ்வளவு தூரம் என்பதற்கும் F காலத்தில் இடம் வையுங்கள். என் ஷீட்டில் நான் முதலில் நிரப்புவது இப்போது அந்தக் காலத்தைத்தான்.