அப்பாவுக்குச் சங்கம், மகளுக்குச் சங்கடம்

கீரிப்பாறை அரசு ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டும் தொழிலாளர்கள் விடியும் முன்பே மரங்களுக்கிடையே இறங்கிவிடுவார்கள். அவர்களில் ஒருவரின் மகள் அதே நேரத்தில்தான் சென்னையில் இரவுப் பணி முடித்து ஹெட்போனைக் கழற்றுவாள். பி.காம். படித்தவள். வாடிக்கையாளர் சேவை மையத்தில் ஒன்றரை ஆண்டு வேலை. பொங்கலுக்கு ஊருக்கு வந்தவள் திரும்பிப் போகவில்லை. கேட்டால், "எனக்குப் பொறுமை போதாதுக்கா" என்கிறாள்.

பொறுமை நிறையவே இருந்திருக்கிறது. ஓர் அழைப்பை இத்தனை நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும் என்று கணக்கு. கழிவறைக்கு எழுந்தால் அந்த நேரமும் கணினியில் பதிவாகும். பணத்தைப் பிடித்துவிட்டீர்கள் என்று கத்துகிறவரிடம், அதைத் திருப்பித் தர எந்த அதிகாரமும் இல்லாத இவள் மன்னிப்புக் கேட்க வேண்டும். அவர் கோபத்தில் போடும் குறைந்த மதிப்பெண்ணும் இவள் கணக்கில்தான் விழும். அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹோக்‌ஷீல்ட், விமானப் பணிப்பெண்களையும் கடன் வசூலிப்பவர்களையும் ஆராய்ந்து 1983இல் எழுதிய நூலில் இதை 'உணர்ச்சி உழைப்பு' என்றார். கோபத்தை விழுங்கிக்கொண்டு இனிமையாகப் பேசுவதும் உழைப்புத்தான். ஆனால் சம்பளச் சீட்டில் அதற்கென்று ஒரு வரி கிடையாது.

இவளுக்கு இன்னொரு சுமையும் இருந்தது. சேர்ந்த வாரமே டீம் லீடர் "அப்பா என்ன வேலை?" என்று கேட்டார். "அரசு ரப்பர் கழகம்" என்றாள். பொய்யில்லை. அவர் ஆபீசர் என்று நினைத்துக்கொண்டார், இவள் திருத்தவில்லை. அந்த நினைப்பைக் காப்பாற்றுவதே பிறகு தனி வேலையாகிவிட்டது. விடுதி அறைக்கு யாரையும் அழைத்ததில்லை, ஊர்ப் பேச்சு வந்தால் எழுந்துவிடுவாள். சுக்தேவ் தோரட்டும் பால் அட்டவெலும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களில் தலித் பெயர் இருந்தவற்றுக்குத் தனியார் நிறுவனங்களின் அழைப்பு குறைவாகவே வந்தது. நம் ஊரில் பெயருக்குப் பின்னால் சாதி போடுவதில்லை என்று பெருமைப்படுகிறோம். அந்தக் குறையை 'அப்பா என்ன வேலை' தீர்த்துவிடுகிறது. தனியார் துறையில் இடஒதுக்கீடும் இல்லை.

அவள் அப்பாவுக்கும் குறைகள் உண்டு. ஆனால் அவர் 'எனக்குப் பொறுமை போதாது' என்று ஒருநாளும் சொன்னதில்லை. 1964ஆம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கை மலையகத்திலிருந்து அனுப்பப்பட்டவர்களின் மறுவாழ்வுக்கென்று வந்த தோட்ட வேலை இது. அவர்களில் கணிசமானோர் தலித் மக்கள். கூலி குறைந்தால் சங்கம் கூடும், கொடி பிடிப்பார்கள். 2022இல் ஊதிய உயர்வு கேட்டு வேலைநிறுத்தமே செய்தார்கள். மகளின் அலுவலகத்தில் சங்கம் என்ற சொல்லையே யாரும் உச்சரித்ததில்லை. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தவன் தொழிலாளி இல்லை என்று நாமும்தானே நம்பினோம்?

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. தகவல் தொழில்நுட்ப நிறுவன ஊழியர்களும் சங்கம் வைக்கலாம் என்று 2016இல் தமிழக அரசே தெளிவுபடுத்தியது. 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டம் 41ஆம் பிரிவின்படி, ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரைத் தக்க காரணமில்லாமல் நீக்கக் கூடாது. ஒரு மாத முன்னறிவிப்பு, இல்லையென்றால் அதற்கு ஈடான சம்பளம் தர வேண்டும். நீக்கப்பட்டவர் மேல்முறையீடும் செய்யலாம். வேலைக்குப் போகும் மாணவர்கள் நியமனக் கடிதத்தையும் சம்பளச் சீட்டுகளையும் தனியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அவைதான் பேசும்.

இவளுக்குக் கடைசி மாதச் சம்பளம் இன்னும் வரவில்லை. "போனா போகுதுக்கா" என்றாள். அப்பா விடவில்லை. சென்ற ஞாயிற்றுக்கிழமை சென்னைத் தொழிலாளர் துறை அலுவலகத்துக்கு மனு எழுத உட்கார்ந்தோம். எப்படி ஆரம்பிப்பது என்று நான் யோசித்துக்கொண்டிருக்க, அவரோ கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, "முதல்ல சேர்ந்த தேதியைப் போடுங்க" என்றார்.