வர்த்தகமா? பொருளாதாரமா?

பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிவு வெளியாகும் தினத்தில் நம் வீடுகளில் ஒரு மகாநாடு ஆரம்பமாகிறது. தகப்பனார் அக்கிராசனம் வகிக்கிறார். தாயார் திருத்தப் பிரேரணை கொண்டுவருகிறார். வெளியூர் மாமா டெலிபோன் மூலம் தம் அபிப்பிராயத்தைத் தெரிவிக்கிறார். யாருடைய எதிர்காலத்தைப் பற்றி இத்தனை பேச்சும் நடக்கிறதோ, அந்தப் பிள்ளையோ பெண்ணோ மட்டும் பார்வையாளர் வரிசையில் மௌனமாக உட்கார்ந்திருப்பது வழக்கம்.

வெகுகாலம் வரையில் இந்த மகாநாட்டில் வைத்தியம், இஞ்சினீயரிங் என்ற இரண்டே தீர்மானங்கள்தான் விவாதத்துக்கு வந்தன. இப்போது மூன்றாவது விவாதம் ஒன்று பல வீடுகளில் எழுந்திருக்கிறது. வர்த்தக நிர்வாகம் படிப்பதா, பொருளாதாரம் படிப்பதா என்பதே அது.

தமிழ்நாட்டில் 1978-ம் வருஷத்தில் மேல்நிலைக் கல்வி ஏற்பட்டது. அதில் வணிகப் பிரிவை எடுத்துக்கொள்ளும் மாணவனுக்கு வணிகவியல், கணக்குப்பதிவியல், பொருளியல் மூன்றும் ஒரே கட்டாக வந்துவிடுகின்றன. ஆகையால் இந்தச் சங்கடம் அவனை அவ்வளவாகத் தொடுவதில்லை. கொடைக்கானல் மலைமேல் விஷயம் வேறு. அமெரிக்கப் பாதிரிமார் 1901-ம் வருஷத்தில் தங்கள் குழந்தைகளுக்காக அங்கே ஸ்தாபித்த ஹைக்ளெர்க் பள்ளிக்கூடம், 1974-ல் கொடைக்கானல் சர்வதேசப் பள்ளியாயிற்று. 1976-ல் ‘இன்டர்நேஷனல் பாக்கலாரியேட்’ என்னும் உலகப் பொதுப் படிப்பை இந்தியாவில் முதன்முதலாக ஏற்றுக்கொண்டதும் இப்பள்ளிதான். அந்தப் படிப்புத் திட்டத்தில் ஆறு பாடங்கள் உண்டு. சமூக சாஸ்திரத் தொகுதியில் வர்த்தக நிர்வாகமும் பொருளாதாரமும் அக்கம்பக்கமாக நிற்கின்றன. சாதாரண நிலையில் படித்தால் ஒரு பாடத்துக்கு 150 மணி நேரம்; உயர்நிலையில் 240 மணி நேரம். கலைப் பாடத்தைத் தியாகம் செய்தால் இரண்டையும் சேர்த்துப் படிக்கலாம். இல்லாவிட்டால் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும்.

“இரண்டும் பணத்தைப் பற்றிய படிப்புத்தானே? எதில் மார்க்கு சுலபமாக வருமோ அதை எடுத்துக்கொள்” என்று சொல்லிவிடுகிற பெரியவர்கள் உண்டு. அவர்கள் வார்த்தை எவ்வளவு தூரம் சரி என்று பார்க்க, பள்ளிக்கூடத்தைவிட்டு வெளியே வந்து பழனிமலையையே சுற்றிப் பார்ப்போம்.

பூண்டு சொல்லும் பாடம்

பூம்பாறை, மன்னவனூர் முதலிய மேல்மலைக் கிராமங்களில் பூண்டு பயிராகிறது. அது மலையிலிருந்து இறங்கிப் பெரியகுளத்துக்கு அடுத்த வடுகபட்டிச் சந்தைக்கு வருகிறது. வர்த்தக நிர்வாகம் படிக்கிற மாணவி அந்தக் குடியானவருக்குப் பக்கத்தில் நின்று பார்க்கிறாள். பூண்டை உடனே விற்பதா, காயவைத்து வைத்திருந்து விற்பதா? தரம் பிரித்தால் எவ்வளவு அதிகம் கிடைக்கும்? விதைக்கும் வண்டிச் சத்தத்துக்கும் வாங்கிய கடனுக்கு வட்டி போக மிச்சம் என்ன? இவை அவள் கேட்கும் கேள்விகள்.

பொருளாதாரம் படிக்கிற மாணவியோ சற்று மேட்டில் ஏறி நின்று சந்தை முழுவதையும் பார்க்கிறாள். அமோக விளைச்சல் கண்ட வருஷத்தில் எல்லாக் குடியானவர்களும் ஏன் ஒருசேர நஷ்டமடைகிறார்கள்? விடை நம் சமையலறையில் இருக்கிறது. பூண்டு பாதி விலைக்கு வந்துவிட்டது என்பதற்காக எந்த அம்மாளும் ரசத்தில் இரண்டு மடங்கு பூண்டு தட்டிப் போடுவதில்லை. தேவை அதிகம் நெகிழாத பண்டம் சந்தையில் குவிந்தால் விலை அதலபாதாளத்துக்குப் போகிறது. ஒரு குடியானவருடைய சாமர்த்தியம் இதை மாற்ற முடியாது.

2019-ல் கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. முதல் மாணவி அதை ஒரு வியாபார முத்திரையாகக் கண்டு, எப்படி விளம்பரம் செய்யலாம் என்று யோசிப்பாள். இரண்டாமவள், “எது மலைப்பூண்டு, எது மற்றப் பூண்டு என்று வாங்குகிறவருக்குத் தெரியாதபோது நல்ல சரக்கும் மட்டச் சரக்கின் விலைக்கே இறங்கிவிடுகிறது, அந்த அறியாமைக்கு இது மருந்து” என்பாள். இருவர் சொல்வதும் உண்மையே.

கணக்கில் ஏறாத செலவு

இன்னோர் உதாரணம் இவ்வளவு இனிமையானதல்ல. 1980-களில் கொடைக்கானலில் ஒரு தெர்மாமீட்டர் தொழிற்சாலை ஏற்பட்டது. பிறகு அது ஹிந்துஸ்தான் லீவர் கம்பெனியின் வசமாயிற்று. 2001-ம் வருஷத்தில், பாதரசம் கலந்த உடைந்த கண்ணாடி பழைய சாமான் கடை ஒன்றில் கிடப்பது வெளியாகி, தொழிற்சாலை மூடப்பட்டது. தொழிலாளர்களின் உடல்நலக் குறைவுக்குத் தொழிற்சாலை காரணமல்ல என்றே கம்பெனி சொல்லிவந்தது. எனினும் 2016-ல் முன்னாள் தொழிலாளர் 591 பேர் சம்பந்தமாக ஒரு சமரச உடன்படிக்கை செய்துகொண்டது.

சம்பளம், கண்ணாடி, பாதரசம், வரி ஆகியவை தொழிற்சாலையின் வரவு செலவுப் புத்தகத்தில் பத்தி பத்தியாக ஏறியிருக்கும். மண்ணுக்கும் மரத்துக்கும் நேர்ந்த தீங்குக்கு எந்தப் பத்தி? ஒருவர் லாபத்துக்காகச் செய்யும் காரியத்தின் செலவு மூன்றாமவர் தலையில் விழுவதைப் புறச்செலவு என்று பொருளாதாரம் பெயரிட்டு ஆராய்கிறது. வர்த்தகப் பாடமும் இக்காலத்தில் தொழில் தர்மத்தைப் போதிக்கத்தான் செய்கிறது. ஆயினும் அது கம்பெனியின் உள்ளே இருந்துகொண்டு கேட்கும் கேள்வி. பொருளாதாரம் ஊருக்காகக் கேட்கிறது.

இரண்டையும் கற்ற ஒருவர்

இரண்டு சாஸ்திரமும் ஒரே மனத்தில் கூடினால் என்ன நேரும் என்பதற்கு ஜே. சி. குமரப்பாவின் வாழ்க்கை சாட்சி. 1892-ல் தஞ்சாவூரில் பிறந்த அவர் லண்டனில் கணக்குப் பரிசோதகர் தொழில் பயின்று, பம்பாயில் அத்தொழிலை நடத்தினார். பிறகு அமெரிக்கா சென்று ஸிரக்யூஸ் சர்வகலாசாலையில் வர்த்தக நிர்வாகம் படித்தார். அதற்கப்புறந்தான் கொலம்பியா சர்வகலாசாலையில் ராஜாங்க நிதியை ஆராயப் புகுந்தார். கம்பெனிகளின் ஐந்தொகையைப் பரிசோதித்த கண் இப்போது ஒரு சாம்ராஜ்யத்தின் ஐந்தொகையைப் பரிசோதித்தது. இந்தியா ஏன் ஏழையாயிற்று என்ற கேள்விக்கு அவர் கண்ட விடையைக் காந்தியடிகள் தமது ‘யங் இந்தியா’வில் வெளியிட்டார். தொடர்ந்து குஜராத்தில் மாதர் தாலுகாவின் கிராமங்களை வீடு வீடாகக் கணக்கெடுக்கும் பணி குமரப்பாவிடம் வந்தது. கடைசி வருஷங்களை மதுரை ஜில்லா கல்லுப்பட்டியில் கழித்து, 1960-ல் காலமானார். கணக்குத் தெரியாத பொருளாதார நிபுணராக அவர் இருந்திருந்தால் அவருடைய வாதத்துக்கு அவ்வளவு வலிமை இருந்திராது. கணக்கோடு நின்றிருந்தாலோ அந்தக் கேள்வியே பிறந்திராது.

எப்படித் தீர்மானிப்பது?

இனி மகாநாட்டுக்குத் திரும்புவோம். முதலில் ஒரு பயத்தைப் போக்கிக்கொள்ளலாம். பெரும்பாலான கல்லூரிகளில் இவ்விரண்டில் ஒன்றை எடுக்காததால் கதவு அடைபட்டுவிடுவதில்லை. கதவை அடைப்பது கணிதந்தான். டில்லி சர்வகலாசாலையின் பொருளாதார ஆனர்ஸ் வகுப்பும், லண்டன் பொருளாதாரப் பள்ளியும் கணிதத்தைக் கேட்கின்றன. ஆகவே பொருளாதாரத்தில் மேலே போக விரும்பும் பிள்ளை கணிதத்தைக் கைவிடக் கூடாது. கணக்குப் பரிசோதகராக விரும்புகிறவருக்கு முதற்கட்டப் பரீட்சையிலேயே கணக்கியல், வர்த்தகச் சட்டம், பொருளாதாரம் எல்லாம் வந்து சேரும். அவர் எதில் தொடங்கினாலும் நஷ்டமில்லை.

அடுத்தபடியாக, இரண்டு பாடங்களின் பழைய கேள்வித்தாள்களையும் பிள்ளையின் கையில் கொடுத்து ஒரு மாலைப்பொழுது தனியே விட்டுவிடுங்கள். ஒரு கம்பெனியின் கதையைப் படித்துவிட்டு, “நான் முதலாளியாக இருந்தால் இப்படிச் செய்வேன்” என்று துள்ளுகிற பிள்ளைக்கு வர்த்தகம் ஏற்றது. கோடும் படமும் போட்டு, “இந்த வரியின் சுமை யார் தலையில் விழும்?” என்று விடாமல் துருவுகிற பிள்ளைக்குப் பொருளாதாரம் ஏற்றது. சுலபம் என்று நினைத்து எடுத்த பாடம், மனம் ஒட்டாவிட்டால் இரண்டாம் வருஷத்தில் மலையாகிவிடும்.

பூம்பாறைக் குடியானவருக்குத் தம் பூண்டை நன்றாக விற்றுத் தரத் தெரிந்தவரும் வேண்டும். சந்தையின் போக்கை அறிந்து சர்க்காருக்கு எடுத்துச் சொல்லத் தெரிந்தவரும் வேண்டும். இரண்டு வேலைக்கும் நம் வீடுகளிலிருந்துதான் ஆள் வர வேண்டும். யார் எதற்கு என்பதை, இதுவரை பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருந்தவரே எழுந்து சொல்லட்டும்.