எழுதுகோலும் சுதந்திர புத்தியும்

எழுதுகோலுக்குச் சாவோலை எழுதுவோர் எக்காலத்திலும் உண்டு. பனையோலையைக் காகிதம் விரட்டியபோது எழுத்தாணியின் காலம் முடிந்ததென்றனர். தட்டச்சு யந்திரம் வந்தபோது பேனாவின் காலம் முடிந்ததென்றனர். இப்பொழுது கணினியும் கைப்பேசியும் வீடுதோறும் புகுந்துவிட்டமையால், பிள்ளைகளுக்குக் கையெழுத்துப் பயிற்சி இனி எதற்கு என்று அன்பர் ஒருவர் நம்மைக் கேட்டிருக்கிறார். வேடிக்கை யாதெனில், அவர் இதனைக் கேட்டிருப்பது நான்கு பக்கம் நீல மையினால் தம் கைப்பட எழுதிய கடிதத்தில்! தம் வினாவுக்குப் பாதி விடையை அவரே அளித்துவிட்டார். மற்றப் பாதியை நாம் கூற முயல்வோம்.

கருவிகள் மாறுவது புதிதன்று. நம் முன்னோர் ஓலையில் எழுத்தாணியால் கீறி, பின்னர் மை தடவி எழுத்தைத் துலங்கச் செய்தனர். புள்ளி குத்தினால் ஓலை பொத்துவிடுமென்று மெய்யெழுத்துகளுக்குப் புள்ளி இடாமலே விட்டனர். எகரமா ஏகாரமா என்பதைப் படிப்பவரே ஊகித்துக்கொள்ள வேண்டியிருந்தது. அத்தகைய ஏடுகளோடு போராடியே டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1887-ல் சீவக சிந்தாமணியை அச்சேற்றினார். 1935-ல் பெரியார் ‘குடி அரசு’ப் பத்திரிகையில் எழுத்துச் சீர்திருத்தத்தைக் கையாளத் தொடங்கினார், அதனைத் தழுவித் தமிழ்நாட்டு அரசாங்கம் 1978-ல் உத்தரவு பிறப்பித்தது. எனினும், துதிக்கை தூக்கிய பழைய லைகாரத்தையே எழுதும் முதியோரை இன்றும் காண்கிறோம். அரசாங்கத்தின் உத்தரவு அச்செழுத்தை மாற்றிற்று. விரல்களின் பழக்கத்தை அதனால் மாற்ற இயலவில்லை. 1999-ல் கணினிக்கெனத் தமிழ் விசைப்பலகை ஒன்றும் அரசாங்கத்தின் அங்கீகாரம் பெற்றது. ஓலை, காகிதம், யந்திரம், கண்ணாடித்திரை ஆகிய நான்கையும் கண்டும் தமிழன் எழுதுவதை விட்டானில்லை.

இதற்குக் காரணம் என்ன? மனத்தில் முன்னரே நிறைந்திருக்கும் எண்ணத்தைப் பிரதி செய்வதே எழுத்து என்று பலர் கருதுகின்றனர். நம் அநுபவம் வேறு. வாயால் சொல்லுங்கால் மலை போல் தோன்றிய வாதம், காகிதத்தில் எழுதிப் பார்த்ததும் மணற்குவியலாய்ச் சரிந்ததை வக்கீல் தொழிலில் பன்முறை கண்டிருக்கிறோம். பேச்சு பிறரை மயக்கும். எழுத்து எழுதுபவனையே குறுக்கு விசாரணை செய்யும். எண்ணம் தெளிவதும் துணிவதும் எழுதும்போதுதான்.

மகாத்மா காந்தியின் வாழ்க்கையில் இதற்குச் சிறந்த சான்று ஒன்று உண்டு. தென்னாப்பிரிக்க இந்தியருக்காக லண்டனில் வாதாடி, வெறுங்கையுடன் அவர் திரும்பிய காலம் அது. 1909 நவம்பரில், ‘கில்டோனன் காஸில்’ என்னும் கப்பலிலே, அக்கப்பலின் கடிதக் காகிதங்களையே வாங்கி வைத்துக்கொண்டு எழுதத் தொடங்கினார். வலக்கை ஓய்ந்தபோது இடக்கையால் எழுதினார். பத்தே நாட்களில் ‘ஹிந்த் ஸ்வராஜ்’ முடிந்தது. கையெழுத்துப் பிரதியின் 275 பக்கங்களில் சுமார் 40 பக்கங்கள் இடக்கையால் எழுதப்பட்டவை. அடித்துத் திருத்திய இடங்கள் மிகச் சில. பம்பாய் அரசாங்கம் 1910-ல் அந்நூலைத் தடை செய்தது. துப்பாக்கி ஏந்திய அரசாங்கம் கப்பற் காகிதத்தில் எழுதிய எழுத்துக்கு அஞ்சிற்று!

இங்கு ஒன்றைக் கவனித்தல் வேண்டும். குஜராத்தி மூலத்தைத் தம் கையால் எழுதிய அதே மகான், அதன் ஆங்கில மொழிபெயர்ப்பைத் தாம் வாயால் சொல்ல, நண்பர் காலன்பாக்கைக் கொண்டு எழுதுவித்தார். ஆகவே, கையால் எழுதினாலன்றி அது எழுத்தாகாது என்று வாதிக்க நாம் வரவில்லை. சொல்லி எழுதுவித்தாலும், விசையைத் தட்டினாலும், எண்ணமும் சொல்லும் தன்னுடையனவாயின் அதுவும் எழுத்தே.

ஆயினும் கையெழுத்தை அலட்சியம் செய்யலாகாது என்பதற்கும் காந்தியடிகளே சாக்ஷி. நல்ல கையெழுத்து கல்வியில் ஓர் அங்கமன்று என்று இளமையில் எண்ணியிருந்ததாகவும், தென்னாப்பிரிக்காவில் வக்கீல்களும் இளைஞர்களும் எழுதிய அழகிய எழுத்தைக் கண்டு வெட்கியதாகவும், பின்னர் திருத்த முயன்றும் காலம் கடந்துவிட்டதாகவும் அவர் தமது சுயசரிதையில் ஒளிவுமறைவின்றி ஒப்புக்கொண்டிருக்கிறார். எழுதும் கருவியிலும் அவர் கருத்துச் சென்றது. ராஜமகேந்திரபுரத்தில் ரத்தினம் என்பார் செய்த சுதேசிப் பேனாவைப் பெற்று, 1935-ல் பாராட்டிக் கடிதம் எழுதினார். அதற்கு முந்திய ஆண்டில் வங்காளத்து ராஜஷாஹியில் ‘ஸுலேகா’ என்னும் சுதேசி மைத் தொழில் தோன்றிற்று. கதரைப் போலவே மையும் தேசியப் பிரச்னையாயிருந்த காலம் அது.

விஞ்ஞானமும் இப்பொழுது இவ்விஷயத்தை ஆராய்கிறது. நார்வே நாட்டில் 36 மாணவர்களைக் கொண்டு நடத்தி, 2024-ல் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சி, விசையைத் தட்டும்போதைவிடக் கையால் எழுதும்போது மூளையின் பல பகுதிகள் விரிவாகத் தொடர்பு கொள்வதைக் காட்டுகிறது. ஒரு சாக்ஷியைக் கொண்டு தீர்ப்பு எழுதிவிடலாகாது. எனினும் அச்சாக்ஷியைத் தள்ளிவிடவும் ஆகாது. கணினித் தொழிலுக்குப் பெயர் போன கலிபோர்னியா மாகாணமே, ஆரம்ப வகுப்புகளில் கூட்டெழுத்துப் பயிற்சி அளிக்க வேண்டுமென்று 2023-ல் சட்டம் இயற்றியிருப்பதையும் நம் அன்பர் நோக்குவாராக.

இனி, நம் உள்ளத்தை உறுத்தும் விஷயத்துக்கு வருகிறோம். நாம் வக்கீலாயிருந்த காலத்தில், குடியானவர் ஒருவர் ஒன்றரை ஏக்கர் நிலத்துக்காக வழக்காடினார். கடனுக்கு அடமானம் என்று நம்பி அவர் கையொப்பமிட்ட பத்திரம் உண்மையில் கிரயப் பத்திரம். “இது உம் கையெழுத்துத்தானா?” என்று எதிர்க்கட்சி வக்கீல் கேட்டார். “ஆமாங்க” என்றார். “படித்துப் பார்த்தீரா?” என்றார் வக்கீல். “எழுதினவர் சொன்னதை நம்பினேனுங்க” என்பது விடை. வழக்குத் தோற்றது. கோர்ட்டுப் படியிறங்குகையில் அவர் நம்மிடம் கூறியது இன்றும் காதில் ஒலிக்கிறது: “கைநாட்டுன்னு ஏசுவாங்களேன்னு பேரை மட்டும் எழுதப் பழகினேன் சாமி. அதுவே என்னைக் கெடுத்துச்சு.”

அவர் ஏழை, பள்ளிக்கூட வாசலை மிதியாதவர். அவரைக் குறை கூற யாருக்கு மனம் வரும்? ஆனால், பட்டங்கள் பெற்ற நாமும் அவர் நிலைக்குத் தாமாகவே இறங்கிக்கொண்டிருக்கிறோமே, இதற்கு என்ன சமாதானம்? எவரோ எழுதியதைப் படியாமலே பத்துப் பேருக்கு அனுப்புகிறோம். பொதுக்கூட்டத் தீர்மானத்தையும், மந்திரிக்கு அனுப்பும் மனுவையும், தோழர் மறைவுக்கு அனுதாபக் கடிதத்தையும்கூட எழுதித் தர இப்பொழுது யந்திரம் இருக்கிறது. கேட்ட மாத்திரத்தில் பிழையற்ற நடையில் கொட்டுகிறது. நாம் செய்வதெல்லாம் அடியில் பெயரைப் போடுவதுதான். பெயரை மட்டும் எழுதத் தெரிந்த குடியானவர் ஒன்றரை ஏக்கர் நிலத்தை இழந்தார். நாம் இழக்கப்போவது சொந்த புத்தியை. நிலத்தையேனும் உழைத்து மீட்கலாம்.

யந்திரத்தை உடைக்குமாறு நாம் கூறவில்லை. இப்பத்திரிகையும் யந்திரத்தில்தான் அச்சாகிறது. நம் கோரிக்கை மிகச் சிறிது. பொதுவாழ்வில் ஈடுபட்ட ஒவ்வொருவரும் தம் மனுவைத் தாமே எழுதுக. தம் கூட்டக் குறிப்பைத் தாமே எழுதுக. நாள்தோறும் ஒரு பக்கமேனும், பேனாவாலோ விசையாலோ, தம் சொல்லால் எழுதுக. நடை கரடுமுரடாயிருப்பினும் பாதகமில்லை. பிள்ளைகளுக்கோ முதலில் பேனாவையே கொடுப்போம். ஓர் எழுத்தை உருவாக்கக் கை படும் பாட்டை அறிந்தவன், ஒரு சொல்லை விலைக்கு வாங்க எளிதில் இசையான்.

நம் அன்பருக்குக் கூறும் விடை இதுவே. அவருடைய நான்கு பக்கங்களில் மூன்று இடங்களில் அடித்துத் திருத்தியிருக்கிறார். அம்மூன்று இடங்களிலும் அவர் நின்று யோசித்தார் என்பது நமக்குத் தெரிகிறது. அந்த யோசனையை எந்த யந்திரத்துக்கும் குத்தகைக்கு விடாதிருப்பாராக!